யூதேய நிறம்

மல்லாக்கப் படுத்தே இருக்க வேண்டும், புரளக் கூடாது, இருமல் வந்தால்கூட மெதுவாக இரும வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், என் மகள் பிளாவியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒருக்களித்துப் படுத்தால்தான் தூக்கம் வரும், சுவரைப் பார்த்துப் படுத்து முழங்காலை மடக்கிக்கொள்வாள், இப்போது விலாவுக்கு அடியில் மணல்பையைக் கொடுத்து விட்டத்தைப் பார்க்க வைத்திருக்கிறார்கள், கிட்னியில் ஊசி விட்டு ஒரு நூலளவு சதை எடுத்திருக்கிறார்கள், நூலளவுதான் சார் என்று அந்தப் பையன் டாக்டர் விரலைக் காட்டிச் சொன்னபோது எனக்கு நூல் தெரியவில்லை, ஊசிதான் தெரிந்தது. உள்ளே ஒருவர்தான் இருக்கலாம். என் மனைவி செலின் உள்ளே இருக்கிறாள், நான் வராந்தாவில், வரிசையாகப் பிணைத்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றில், யாராவது எழுந்தால் எல்லா நாற்காலியும் ஆடுகிறது. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன், விடைத்தாள் திருத்த, கருத்தரங்கில் பேச, ஒரு தடவைகூட இந்த ஆஸ்பத்திரியை நிமிர்ந்து பார்த்ததில்லை. எதிரே டயாலிசிஸ் என்று எழுதிய கதவு. அதற்குள் போகிறவர்களின் முகத்தில் ஒரு நிறம் இருக்கிறது, சாம்பலும் மஞ்சளும் கலந்தது, கறுத்தவர்களும் சிவந்தவர்களும் அந்தக் கதவுக்குள் போகும்போது ஒரே நிறமாகிவிடுகிறார்கள், இதை ஏன் கவனிக்கிறேன், முப்பது வருஷமாக இதைத்தான் கவனித்திருக்கிறேன், மனிதர்கள் என்ன நிறம் என்று, அதுவும் செத்து இரண்டாயிரம், இரண்டாயிரத்து எழுநூறு வருஷம் ஆன மனிதர்கள். பழங்கால யூதேயாவின் ஜனங்கள் யார், எப்படி இருந்தார்கள். கல்லூரியில் என்னை யூதேயா கொரைரா என்பார்கள். பையன்கள் மட்டுமில்லை, முதல்வரும்தான்.

முகத்துக்கு ஏதாவது கிரீம் போடுவாங்களா என்று டாக்டர் மெஹர்பானு கேட்டார், போன வாரம், முதல் நாள், பிளாவியாவின் கண் இரண்டும் வீங்கி மூடிக் கிடந்தபோது. நான் உடனே இல்லை என்றேன். அவ்வளவு வேகமாக, அவ்வளவு உறுதியாக. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது டாக்டர் என்றுகூடச் சொன்னேன். செலின் ஜன்னலைப் பார்த்தாள். பிளாவியா, கண் திறக்க முடியாமல், போடுவேன் மேடம் என்றாள். அப்புறம் செலின் வீட்டுக்குப் போய் எடுத்து வந்தாள், வெள்ளை டப்பா, மேலே எந்த நாட்டு எழுத்தென்று எனக்கே தெரியாத எழுத்து, பழைய எழுத்துகளைப் படிக்கிறவனுக்கே தெரியாத எழுத்து, கடையில் கம்பெனிப் பெயர்கூட இல்லாமல் விற்றிருக்கிறார்கள். பாதரசம் சார், என்றார் டாக்டர். தோலை வெளுக்க வைப்பது அதுதான். தோல் வழியாக ரத்தத்துக்குப் போகும், ரத்தத்திலிருந்து கிட்னிக்கு, கிட்னியின் சல்லடை ஓட்டையாகும், உடம்பின் புரதமெல்லாம் சிறுநீரில் போகும், அதனால் வீக்கம். அவர் ஒரு தாளில் சல்லடை வரைந்து காட்டினார். நான் தலையாட்டினேன். வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பவன் ஆட்டுவதுபோல.

கல்லுக்கு நிறம் கிடையாது. அதுதான் என் முதல் கட்டுரையின் முதல் வாக்கியம், அப்போது பெருமையாக இருந்தது. லண்டனில் ஒரு கருத்தரங்குக்குப் போனபோது அருங்காட்சியகத்தில் அந்தச் சுவரின் முன்னால் நின்றேன், அசீரிய ராஜா தன் அரண்மனைக்காகச் செதுக்க வைத்தது, லாகீஸ் என்ற யூதேயப் பட்டணம் விழுந்த கதை. சிறைப்பட்ட ஜனங்கள் வரிசையாக வெளியேறுகிறார்கள். ஆண்களுக்குச் சுருட்டை முடி, சின்னத் தாடி, வெறுங்கால். பெண்களுக்குத் தலையிலிருந்து கணுக்கால்வரை நீளமான முக்காடு. மாட்டு வண்டியில் மூட்டை, மூட்டைமேல் குழந்தைகள். அவர்களைக் கண்ணால் பார்த்தவன் செதுக்கியது என்று சொல்கிறார்கள், இருக்கலாம், மூக்கு இருக்கிறது, உதடு இருக்கிறது, தோள்மேல் தூக்கிய பையின் சுருக்கம் இருக்கிறது, நிறம் மட்டும் இல்லை. சாயம் பூசியிருந்திருக்கலாம், உதிர்ந்துவிட்டது. சாம்பல் கல். அதே சுவரில் கொஞ்சம் தள்ளி இரண்டு ஆண்களைத் தரையில் முளையடித்துக் கட்டித் தோலை உரிக்கிறார்கள். அன்று அதைக் குறிப்பெடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன், தண்டனை முறைகள் என்ற தலைப்பில். இப்போது அந்த இரண்டு பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள், வண்டி இல்லை, குழந்தைகள் இல்லை, தோல், தோலை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும், சிவப்பு, எல்லோருக்கும் சிவப்பு, சே, என்ன நினைப்பு இது, உள்ளே பெண் படுத்திருக்கிறாள். எகிப்தியர்கள் வரைந்திருக்கிறார்களே என்று மாணவர்கள் கேட்பார்கள். வரைந்திருக்கிறார்கள். ஆனால் எகிப்தியர்கள் தங்கள் ஆண்களையே செங்காவியிலும் பெண்களையே மஞ்சளிலும் தீட்டினார்கள், ஒரே வீட்டில் அண்ணன் காவி, தங்கை மஞ்சள், அது நிறமா சம்பிரதாயமா. மரபணுவுக்காக எலும்பை அரைத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள், அந்தப் பக்கத்தில் இன்றும் வாழ்கிறவர்களின் முன்னோர்கள்தான், பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை என்று. அப்படியென்றால் நடுவாந்தரம். வெயில் பட்ட கோதுமைக்கும் ஈர மண்ணுக்கும் நடுவே எங்கேயோ. எங்கள் கோயில் பீடத்தில் இருக்கிற வெள்ளைச் சுரூபங்களைப் போல இல்லை. ஆனால் வெள்ளை இல்லை என்று நான் சொன்னால் கேட்பவர்கள் காதில் கறுப்பு என்று விழும். நடு என்று ஒன்று இருப்பதாக யாருக்கும் தெரிவதில்லை, ஒன்று இந்தப் பெஞ்சு, இல்லாவிட்டால் அந்தப் பெஞ்சு.

பெஞ்சு. கொச்சிக்குப் போயிருந்தோம், பிளாவியா நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ. யூதர்களின் ஜெபக்கூடத்தைக் காட்டினேன். எங்கிருந்தோ கடல் கடந்து வந்து, ஒரே வேதம், ஒரே ஓய்வுநாள், ஒரே ஜெபம், இங்கே வந்து வெள்ளை யூதர் என்றும் கறுப்பு யூதர் என்றும் பிரிந்து ஒருவருக்கொருவர் பெண் கொடுக்காமல், சிலரைப் பெஞ்சில் உட்காரவிடாமல், இத்தனையும் கண்ணாடி விளக்குகளுக்கு அடியில் நின்று சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நீலப்பூப் போட்ட தரையோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள், நாம எந்தப் பக்கம் உக்காந்திருப்போம்ப்பா என்று கேட்டாள். நாம யூதர் இல்லம்மா என்றேன். சரியான பதில். பரீட்சையில் முழு மதிப்பெண். என்ன கேட்டாள் என்பது வேறு. நாம் யார் என்பதற்கு மட்டும் என்ன தெளிவு இருக்கிறது, கொரைரா, போர்த்துகீசியப் பெயர், முத்துக்குளித்த பரதவர்களுக்கு ஞானஸ்நானத்தோடு சேர்த்துக் கொடுத்த பெயர், ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, கடல் வெயிலில் காய்ந்த தமிழன், இரண்டாயிரம் வருஷம் கழித்து எவனாவது எங்கள் கல்லறைத் தோட்டத்தைத் தோண்டி, லியோன் கொரைரா, பிளாவியா கொரைரா என்று கல்லைப் படித்து, இவர்கள் ஐரோப்பியர்கள், வெளுத்த தோல், என்று எழுதிவிட்டுப் போவான். பிளாவியா என்றால் லத்தீனில் பொன்னிற முடிக்காரி. ஞானஸ்நானத்தன்று சாமியார் சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். கல்லறை, கல்லறையென்று ஏன் நினைத்தேன், அவள் பெயரை ஏன் கல்லில் நினைத்தேன், வேண்டாம், எழுந்து கொஞ்சம் நடக்கலாம். எழுந்தால் வரிசை முழுவதும் ஆடும். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தபடியே தூங்குகிறார்.

இந்த வருஷம் அவளுக்கு மாதா வேஷம். கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆறு வயதிலிருந்து நடிக்கிறாள், இடையர், இடையர், இன்னொரு இடையர், அப்புறம் வளர்ந்ததும் மூன்று ராஜாக்களில் கறுத்த ராஜா, தாடி ஒட்டி, தலைப்பாகை கட்டி. பெண் பிள்ளைக்கு ராஜா வேஷமா என்று செலின் ஒரு வருஷம் கேட்டதற்கு, பிளாவியாவுக்குக் குரல் நல்லா எடுக்கும் என்று நாடகம் நடத்துகிறவர்கள் சொன்னார்கள். கப்பல் ஏஜென்சியில் வேலைக்குப் போன பிறகும் டிசம்பரில் ஒத்திகைக்கு ஓடுவாள். புதிதாக வந்த பங்குச் சாமியார் விட்டாலிஸ் என் பேச்சை எங்கோ கேட்டிருக்கிறார். மாதா வெள்ளைக்காரி இல்லை என்று இந்த வருஷம் மேடையிலேயே காட்டிவிட வேண்டும் சார், சரித்திரப்படி, என்றார். உங்க மகளே இருக்காங்களே என்றார். அன்று சாயந்திரம் பிளாவியா அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடந்த நடை, ஒரு இடத்தில் நிற்கவில்லை, தம்ளரைக் கழுவினாள், கழுவினதையே திரும்பக் கழுவினாள். எனக்கும் சந்தோஷம். ஒரு கட்டுரைக்கு இப்படி ஒரு பலன் யாருக்குக் கிடைக்கும். நோட்டீஸில் அவள் படத்தைப் போட்டு, சரித்திர உண்மையின்படி அமைக்கப்பட்ட நாடகம் என்று அச்சடித்தார்கள். கோயிலில் பூசை முடிந்ததும் பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கொரைரா சார் பொண்ணுக்குத் தோதான வேஷம் என்று யாரோ சொன்னதாக செலின் சொன்னாள், அதை நல்ல வார்த்தையாகத்தான் எடுத்துக்கொண்டேன். அப்புறம் அவள் முகம் மாறத் தொடங்கியது. மாறியது எனக்கும் தெரிந்தது. நெற்றியும் கன்னமும் தெளிந்து, ஒரு பளபளப்பு வந்து. காலையில் தோசை சாப்பிடும்போது பார்த்து, மனசு நிறைந்தால் முகத்தில் தெரியும் என்று செலினிடம் சொன்னேன். தூரத்து ஜனங்களின் தோலை எலும்பிலிருந்து ஊகிக்கிறவன், எதிரே தோசை சாப்பிடுகிறவளின் தோலைப் பார்த்து அப்படிச் சொன்னேன். பாதரசம் பளபளப்பாகத்தான் இருக்கும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் கையில் ஊற்றி உருட்டி விளையாடியிருக்கிறோம், உருண்டு உருண்டு ஓடும், பிடிக்கவே முடியாது, விரலிடுக்கில் போய்விடும்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. சாமியார் விட்டாலிஸ். பிளாவியாவுக்காகப் பூசை வைத்ததாகச் சொன்னார், எப்படி இருக்கிறாள் என்று கேட்டார், நல்ல மனுஷர், குரல் உண்மையாகவே கம்மியிருந்தது. கொஞ்சம் தயங்கி, நாடகத்தை நிறுத்த முடியாது சார், மறைமாவட்டத்திலிருந்து எல்லாம் வருகிறார்கள், வேறு ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறோம் என்றார். யார் என்று கேட்டேன். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். செவசெவ என்று இருப்பாள்.  அவரே சொன்னார், மேக்கப்காரரிடம் பேசிவிட்டோம் சார், ரெண்டு ஷேடு கூட்டிக் கறுப்பாக்கிவிடலாம் என்கிறார், நீங்கள் சொன்ன சரித்திரத்துக்கு ஒரு குறையும் வராது. சரி ஃபாதர் என்றேன். நன்றி என்றும் சொன்னேன். பேச்சு முடிந்த பிறகும் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்திக்கு ரெண்டு ஷேடு ஏற்ற வேண்டும், ராத்திரி கழுவினால் போய்விடும். டயாலிசிஸ் கதவு திறந்து ஒரு ஆள் சக்கர நாற்காலியில் வெளியே வந்தார், கையில் ஒட்டியிருந்த பஞ்சை அமுக்கிப் பிடித்தபடி, என்னைப் பார்த்துச் சிரித்தார், பழகியவர் சிரிக்கிற சிரிப்பு, நீங்களும் இனிமேல் இங்கேதானே என்கிற மாதிரி. இல்லை, அப்படி இல்லை, அவர் சும்மா சிரித்தார். சிறுநீர்ப் பரிசோதனை மத்தியானமே வந்துவிட்டது, பாதரசம் இருக்க வேண்டிய அளவுக்குப் பல மடங்கு மேலே, ஆனால் டாக்டர் மெஹர்பானு சொன்னார், கிரீமை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில மாதத்தில் கசிவு நின்றுவிடும், சிலருக்கு மட்டும் நிற்காது, எடுத்த சதையைப் பார்த்தால் தெரியும் என்று. பெரும்பாலானவர்கள். சிலர். நானும் இப்படித்தான் எழுதுவேன், பெரும்பாலான அறிஞர்கள், சிலர் மறுக்கின்றனர். அந்தச் சிலர் எங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு வீடு இருக்கிறதா, அப்பா இருக்கிறாரா என்று யோசித்ததே இல்லை.

செலின் வெளியே வந்தாள். மயக்கமாக வருகிறது, எதையாவது சாப்பிட்டுவிட்டு வருகிறேன், நீங்க போங்க என்றாள். கண்ணைத் துடைத்திருந்தாள், மூக்கு நுனி சிவந்திருந்தது. உள்ளே பெண்கள் வார்டு, படுக்கைக்கும் படுக்கைக்கும் நடுவே பச்சைத் திரை. நாற்காலி எதுவும் இல்லை, பக்கத்தில் நின்றேன். பிளாவியா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீக்கம் கொஞ்சம் வடிந்து கண் பாதி திறந்திருந்தது, ஆனாலும் அது வேறு யாரோ ஒருத்தியின் முகமாக இருந்தது, கழுத்துக்கு மேலே ஒரு நிறம், கழுத்துக்குக் கீழே என் நிறம், நடுவில் ஒரு கோடு. வலிக்குதா என்றேன். இல்லப்பா, முதுகுதான் மரத்துப்போச்சு என்றாள். போன்ல யாரு என்றாள். வராந்தாவில் நான் பேசியது கேட்டிருக்கும். மறைக்கலாம் என்று நினைத்தேன், மறைக்கவில்லை. யாரைப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன், ரெண்டு ஷேடு விஷயத்தையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று பயந்தேன். அவளோ, அவ வசனத்த முழுங்குவாப்பா, கடைசி வரிசைக்குக் கேக்காது, என்றாள். அதில் பொறாமை இல்லை, ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியின் வேலையைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

நான் என் பேச்சை எடுத்தேன். வராந்தாவில் கூட்டி வைத்திருந்தது. மாதா உன்னைப் போலத்தாம்மா இருந்திருப்பாங்க, நீ எதையும் பூசியிருக்கவே வேண்டாம், என்று ஆரம்பித்தேன். அவள் விட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"நீங்க அப்படிச் சொல்லலையேப்பா."

எனக்குப் புரியவில்லை.

"விட்டாலிஸ் ஃபாதர் வீட்டுக்கு வந்தன்னைக்கு, நான் காபி கொண்டாந்தேன்லா, அப்ப அவர்ட்ட சொன்னீங்க. சரியாச் சொல்லணும்னா யூதேயாக்காரங்க என் மகளவிட ரெண்டு ஷேடு வெளுப்பு, ஃபாதர், அப்படின்னு. அவரு, மேடையில அவ்வளவு தெரியாது சார்னாரு. நான் வெள்ளையாகணும்னு ஒண்ணும் போடலப்பா. அந்த ரெண்டு ஷேடுதான். நாடகம் முடிஞ்சதும் நிறுத்திரலாம்னு இருந்தேன்."

சொல்லியிருக்கிறேன். சொன்னது நினைவு வந்துவிட்டது, காபியின் சூடும், தம்ளரை வைத்த அவள் கையும், நான் நிமிராமல் பேசிக்கொண்டே எடுத்துக் குடித்ததும். நுணுக்கமாக இருக்க வேண்டுமென்றுதான் சொன்னேன். மிகைப்படுத்தி விடக்கூடாது, ஆதாரத்துக்கு மேலே ஒரு வார்த்தை போய்விடக்கூடாது, அவ்வளவுதான். கோதுமைக்கும் மண்ணுக்கும் நடுவே எங்கேயோ. அந்த எங்கேயோவைத் தேடிக்கொண்டு அவள் போயிருக்கிறாள், ராத்திரி ராத்திரி, கண்ணாடி முன்னால் நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், எங்கே நிறுத்த வேண்டும் என்று யார் அவளுக்குச் சொல்லியிருக்க முடியும், எனக்கே தெரியாதே, யாருக்கும் தெரியாதே, உதிர்ந்துபோன சாயம்.  கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஏதாவது சொல்ல வேண்டும், மன்னிப்பு என்ற வார்த்தை வாய்வரை வந்து, அது மிகவும் சின்னதாக இருந்ததால் திரும்பிப் போய்விட்டது.

அவள்தான் பேசினாள்.  நீங்க ஒத்திகைக்கு ஒருநாள்கூட வரலப்பா என்றாள், குற்றமாக இல்லை. நான் நல்லாச் செய்வேன். யாருமே அத மட்டும் சொல்லல, சரித்திரம், நிறம், எல்லாத்தையும் சொன்னாங்க. பெத்லகேம்ல குடிக்கணக்குக்காக, நெறமாசமா இருக்க மாதாட்ட பேர் கேட்டு எழுதுற சீன் ஒண்ணு இருக்கு, பாக்குதீங்களா என்றாள். வேண்டாம்மா, அசையக் கூடாது என்றேன். வாய் அசைஞ்சா ஒண்ணும் ஆகாது என்றாள். நீங்க ரோம அதிகாரி, பேர், ஊர், இனம், மூணே கேள்விதான், கேளுங்க. அந்தக் காட்சியை எனக்குத் தெரியும், நாடகத்தின் எழுத்துப் படியில் அதைத் திருத்தியதே நான், மூன்றாவது கேள்விக்கு நீளமான ஒரு வம்சப் பதிலையும் நான்தான் சேர்த்தேன்.

பெயர் என்று கேட்டேன். மரியா என்றாள். ஊர் என்றேன். நாசரேத் என்றாள். குரல் மாறியிருந்தது. அவள் குரல்தான், ஆனால் வெகுதூரம் நடந்து வந்தவளின் குரல், நாக்கு வறண்டு, மூச்சு மேலே மேலே வாங்கி, எங்கேயும் சத்தமாக இல்லை, ஆனால் வார்டின் கடைசிவரை போயிருக்கும். திரைக்கு அந்தப் பக்கம் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. மூன்றாவது கேள்வி.  வாழ்நாளெல்லாம் நான் கேட்ட கேள்வி அது ஒன்றுதான், அச்சிலும் மேடையிலும் எத்தனை விதமாகக் கேட்டிருக்கிறேன், மல்லாக்கக் கிடக்கிற ஒருத்தியின் முகத்துக்கு நேராகக் கேட்டதில்லை.

"கேளுங்கப்பா. நீங்க கேட்டாத்தான் எனக்கு வசனம்."

"இனம்?" என்றேன். அதிகாரியின் குரல் இல்லை அது.

அவள் கண்ணை மூடினாள். நான் எழுதிக்கொடுத்த வம்சம் வரவில்லை. வேறு ஏதோ வந்தது, எந்தப் படியிலும் இல்லாதது.

"நிக்க முடியலைங்கய்யா. மொதல்ல உக்கார ஒரு எடம் குடுங்க. பெறகு என்ன வேணும்னாலும் எழுதிக்கிடுங்க."

 பிறகு திரைக்கு அந்தப் பக்கம் யாரோ எழுந்திருக்கிற சத்தம். பச்சைத் துணிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் தரையை உரசிக்கொண்டு எங்கள் பக்கம் நகர்ந்து வந்தது, அதைத் தள்ளிவிட்ட கை மட்டும் தெரிந்தது, வளையல் இல்லாத, வயதான ஒரு கை.

"அந்தப் புள்ளய இதுல உக்காரச் சொல்லுங்கய்யா," என்றது ஒரு குரல். "மாசமா இருக்கவள எம்புட்டு நேரம் நிக்க வைப்பிய?"